தேடி வந்த பதிவும் தேடிப் போன பதிவும்

என் அடையாள அட்டையில் இருக்கிற முகவரிக்குக் கடிதம் போட்டால் போய்ச் சேராது. சுங்கைப்பட்டாணிக்கு வெளியே ஒரு தோட்டத்து லயத்தின் வீட்டு எண் அது. அங்கே ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. 2016இல் செம்பனையும் போய், லயத்தை இடித்து, வீடமைப்புத் திட்டம் வந்துவிட்டது. அப்பாவும் அம்மாவும் பத்து மைல் தள்ளி ஒரு தாமானுக்குக் குடிபோனார்கள். போன கையோடு ஐசியில் முகவரியையும் மாற்றிக்கொண்டார்கள். நான் மாற்றவில்லை. அப்போது ஸ்கூடாயில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தேன். இப்போது சிங்கப்பூரில் வேலை, உட்லண்ட்ஸில் ஒரு வாடகை அறை. வீடு மாறினால் முப்பது நாளுக்குள் தேசியப் பதிவு இலாகாவிடம் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. எனக்கு அந்த முப்பது நாள் இன்னும் முடியவில்லை.

ஆக, வாக்காளர் பட்டியலின்படி நான் இன்னமும் இல்லாத ஒரு லயத்தில் வசிக்கிறேன்.

மலேசிய அரசியலமைப்பின் 119ஆம் பிரிவு, ஒருவர் எந்தத் தொகுதியில் வசிக்கிறாரோ அந்தத் தொகுதியில்தான் வாக்காளராகப் பதிவாக முடியும் என்கிறது. அங்கே வசிக்கவில்லை என்றால் அவர் 'வராத வாக்காளர்' என்ற வகைக்குள் வரவேண்டும். படிப்பதற்குச் சாதாரண வாக்கியம். ஆனால் 'வசிப்பவர்' என்ற அந்த ஒரு சொல்லுக்காக என் குடும்பம் மூன்று தலைமுறையாக ஏதாவது ஒரு வரிசையில் நின்றிருக்கிறது. சில நேரம் வரிசையில் நிற்காமல் விட்டு, அதற்கான விலையையும் கொடுத்திருக்கிறது.

அரசு லயத்துக்கு வந்த நாள்

எங்கள் வீட்டில் கொள்ளுப்பாட்டிக்கு ஒரே ஒரு படம்தான் உண்டு. கடவுச்சீட்டுப் படம் மாதிரி, முகம் மட்டும். அழகுக்காக எடுத்த படமல்ல. 1948 ஜூனில் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து 12 வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் படமும் கைரேகையும் கொண்ட அடையாள அட்டை கட்டாயமானது. தோட்டம் தோட்டமாக, கம்பம் கம்பமாகப் பதிவு நடந்தது. அந்த அட்டைக்காக எடுத்த படம்தான் அது.

இந்த நாட்டில் தோட்டத் தமிழர்கள் அத்தனை பேரையும் ஒருத்தர் விடாமல் தேடி வந்து எழுதிக்கொண்ட பெரிய பதிவு அது. அட்டை இல்லாமல் பேருந்து ஏற முடியாது, அரிசிப் பங்கீடு வாங்க முடியாது. காட்டிலிருந்த கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கும் அதன் பலம் தெரிந்திருந்தது. பேருந்துகளை நிறுத்தி அட்டைகளைப் பிடுங்கிக் கிழித்துப் போட்டார்கள். 1950க்குப் பிறகு பிரிக்ஸ் திட்டத்தின்கீழ் பல தோட்டங்களில் லயங்களை ஓரிடத்தில் ஒதுக்கி முள்வேலி போட்டார்கள். யார் எங்கே வசிக்கிறார்கள் என்பதில் அரசுக்கு அப்போது ஒரு சந்தேகமும் இருக்கவில்லை.

அதற்கு முன்பும் பட்டியல்கள் தேடி வந்திருக்கின்றன. கொள்ளுத்தாத்தாவின் பெயர் ஜப்பானியர் காலத்தில் ஒரு பட்டியலில் ஏறியது. சயாம் ரயில்பாதை போடப் போனார், திரும்பவில்லை. எங்கள் வீட்டில் பெயர் எழுத வந்தவர்களைப் பார்த்துப் பெரியவர்கள் பயப்பட்டதற்குக் காரணம் உண்டு.

ஆனால் அடையாள அட்டை குடியுரிமை அல்ல. அது நீ இங்கே இருக்கிறாய் என்று அரசுக்குச் சொல்கிற அட்டை. நீ இங்கே உரியவன் என்று உனக்குச் சொல்கிற தாள் வேறு. அந்தத் தாளை யாரும் லயத்துக்குக் கொண்டுவந்து தரவில்லை.

இரண்டு கதவுகள்

1948 பிப்ரவரி 1ஆம் தேதி மலாயாக் கூட்டரசு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. மலாய்க்காரர்கள் தாமாகவே குடிமக்கள் ஆனார்கள். இந்தியாவிலிருந்து வந்தவர்களில் பெரும்பாலோர் விண்ணப்பம் போட்டுத்தான் ஆகவேண்டும். நீண்டகால வசிப்பை நிரூபிக்க வேண்டும், மலாயோ ஆங்கிலமோ தெரிய வேண்டும், இங்கேயே நிரந்தரமாகத் தங்கும் எண்ணம் இருக்க வேண்டும், விசுவாசப் பிரமாணம் எடுக்க வேண்டும்.

அதே நேரத்தில் இன்னொரு கதவும் திறந்தது. 1950இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பின் 8ஆம் பிரிவு, வெளிநாட்டில் வசிக்கும் இந்திய வம்சாவளியினர் அங்குள்ள இந்தியத் தூதரகப் பிரதிநிதியிடம் பதிந்துகொண்டால் இந்தியக் குடிமக்களாகக் கருதப்படுவர் என்றது. அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி யாராவது ஒருவர் பிரிவினைக்கு முந்திய இந்தியாவில் பிறந்திருந்தால் போதும். வெளிநாட்டிலிருந்தே பதிந்துகொள்ளும் ஏற்பாடு ஏதோ விமானமும் இணையமும் வந்த பிறகு உண்டானது என்றுதான் நான் நினைத்திருந்தேன். இல்லை. ரப்பர் தோட்டத்தில் பால்வாளி தூக்கியவர்களுக்கும் அப்படியொரு படிவம் இருந்தது.

ஆனால் இரண்டு கதவிலும் ஒரே நேரத்தில் கால் வைத்து நிற்க முடியாது. நேரு அரசின் நிலைப்பாடு தெளிவாக இருந்தது: வாழும் நாட்டின் குடியுரிமையை எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அந்நாட்டில் இந்தியக் குடிமக்களாக, அதாவது வெளிநாட்டவராக, இருங்கள்.

பெரும்பாலோர் இரண்டையும் செய்யவில்லை. அறியாமை என்று ஒரே சொல்லில் இதைத் தள்ளிவிடுவது எளிது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஊரில் காணி இருந்தது, கல்யாணம் கட்டிக் கொடுத்த அக்கா இருந்தாள். மலாயாவில் கையெழுத்துப் போட்டால் அதெல்லாம் போய்விடுமோ என்ற பயம் இருந்தது. டவுனுக்குப் போனால் ஒரு நாள் சம்பளம் போகும். லயத்து அறையில் மருத்துவிச்சி கையில் பிறந்த பிள்ளைகளுக்குப் பிறப்புச் சூராட் கிடையாது. எழுதப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் கிராணி. அவர் நல்லவராக இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

இதன் விளைவு 1955 ஜூலை 27இல் நடந்த முதல் கூட்டரசுத் தேர்தலில் தெரிந்தது. பதிவான வாக்காளர்கள் ஏறத்தாழ 12 லட்சத்து 80 ஆயிரம் பேர். அதில் மலாய்க்காரர்கள் 84 விழுக்காடு. மக்கள்தொகையில் 11 விழுக்காட்டுக்கு மேல் இருந்த இந்தியர்கள் வாக்காளர் பட்டியலில் 5 விழுக்காடுகூட இல்லை. அடையாள அட்டைப் பட்டியலில் எல்லாரும் இருந்தார்கள், வாக்காளர் பட்டியலில் பாதிப் பேருக்கு மேல் காணவில்லை. இரண்டு பட்டியலுக்கும் இடையில் விழுந்தவர்கள்தான் எங்கள் ஆட்கள்.

தாத்தா சொன்ன பதில்

1957இல் சுதந்திர மலாயாவின் அரசியலமைப்பு கதவைக் கொஞ்சம் அகலமாகத் திறந்தது. மெர்டேக்கா நாளுக்குப் பிறகு இங்கே பிறக்கும் பிள்ளைகள் பிறப்பாலேயே குடிமக்கள். இந்த ஏற்பாட்டை 1962இல் திருத்திச் சுருக்கிவிட்டார்கள். வெளியில் பிறந்து இங்கே வாழ்பவர்கள், முந்தைய 12 ஆண்டில் 8 ஆண்டு வசித்ததைக் காட்டிப் பதிந்துகொள்ளலாம். அடிப்படை மலாய் தெரிய வேண்டும். மெர்டேக்காவுக்குப் பின் முதல் ஓராண்டுக்குள் விண்ணப்பித்தவர்களில் பலருக்கு மொழி விஷயத்தில் விலக்கும் இருந்தது. ம.இ.கா.வும் தொழிற்சங்கமும் தமிழ்ப் பத்திரிகைகளும் 'பதிந்துகொள்ளுங்கள்' என்று திரும்பத் திரும்பச் சொல்லின. பாலத்துக்கு இந்தப் பக்கமும் அதே காலம்தான். சிங்கப்பூரில் 1957 குடியுரிமைச் சட்டம் வந்தபோது, 'தமிழ் முரசு' கோ. சாரங்கபாணி தமிழர்களைப் பதியச் சொல்லி இயக்கமே நடத்தினார்.

தாத்தா 1937இல், ஆறு வயதில், அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவர். அடுத்த ஆண்டே இந்திய அரசு மலாயாவுக்கு உதவி பெற்றுத் தொழிலாளர்கள் வருவதைத் தடை செய்துவிட்டது. 1958இல் அவருக்கு வயது 27. கிராணியிடம் செக்ரோலைப் பார்த்து ஒரு கடிதம் எழுதி வாங்கிக்கொண்டு, ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, சைக்கிளில் டவுனுக்குப் போனார். அதிகாரி மலாயில் பெயரைக் கேட்டார், பிள்ளை எத்தனை என்று கேட்டார். பிறகு, 'பெராப்பா லாமா டூடோக் டி சினி?' என்றார்.

மலாயில் 'டூடோக்' என்றால் வசிப்பது. உட்காருவதற்கும் அதே சொல்தான். தாத்தா இந்தக் கதையை எத்தனை முறை சொன்னாலும் இந்த இடத்தில் நிறுத்திச் சிரிப்பார்.

"இங்க எவ்வளவு காலமா உக்காந்திருக்கன்னு கேக்கறான்டா. உக்கார எங்கய்யா நேரம் குடுத்தீங்கன்னு சொல்லணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. பயந்துக்கிட்டு 'டுவா பூலு தாஹுன் துவான்'னு சொல்லிட்டேன்."

அந்த இருபது வருசத்துக்கு அவருக்குக் குடியுரிமை கிடைத்தது. 1959 ஆகஸ்டுத் தேர்தலில் முதல் முறை வாக்களித்தார். அந்தத் தேர்தலின் வாக்காளர் பட்டியல் 20 லட்சத்தைத் தாண்டியது. இந்தியர் பங்கும் ஏறத்தாழ 7 விழுக்காடாக உயர்ந்தது. அந்த இரண்டு விழுக்காட்டு உயர்வுக்குள் தாத்தாவின் சைக்கிளும் இருக்கிறது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

பாட்டியின் செகப்பு ஐசி

அந்தக் கணக்கில் பாட்டி இல்லை.

பாட்டி இங்கேயே, பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். பிறப்பைப் பதியவில்லை. குடிமகனின் மனைவி என்ற முறையில் அவரும் விண்ணப்பித்திருக்கலாம். தாத்தா போடவில்லை. "நான் போட்டா குடும்பமே போட்ட மாதிரிதான்னு நெனச்சேன்" என்பார். இதைச் சொல்லும்போது சிரிக்க மாட்டார்.

பதினோரு வருடம் அது யாரையும் உறுத்தவில்லை. 1969 மே கலவரத்துக்குப் பிறகு உறுத்தியது. குடிமக்கள் அல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் வாங்க வேண்டும் என்ற 1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அப்போதுதான் கடுமையாக அமலுக்கு வந்தது. பிறந்த மண்ணில், பத்து வயதிலிருந்து வெட்டிய மரத்தில் பால் வெட்ட, பாட்டி பெர்மிட் வாங்க வேண்டியிருந்தது. எங்கள் லயத்திலேயே சில குடும்பங்களுக்கு பெர்மிட் கிடைக்கவில்லை. பினாங்குக்குப் போய் ராஜுலா கப்பல் ஏறினார்கள். அந்தக் காலகட்டத்தில் ஏறத்தாழ 60,000 இந்தியர்கள் நாட்டை விட்டுப் போனார்கள் என்பது ஆய்வாளர்கள் சொல்லும் கணக்கு. அவர்களில் பலருக்கு இந்தியா ஒரு தடவைகூடப் பார்த்திராத ஊர்.

பாட்டிக்கு பெர்மிட் கிடைத்தது. நிரந்தரவாசி என்ற செகப்பு ஐசியோடு தங்கிவிட்டார். பிறகு குடியுரிமைக்கு மூன்று தடவை மனு போட்டார். ஒரு தடவை மலாய் போதவில்லை என்றார்கள். ஒரு தடவை பிறப்புக்குச் சாட்சி கேட்டார்கள். சாட்சி சொல்லக்கூடியவர்கள் கப்பலேறிவிட்டிருந்தார்கள். மூன்றாவது மனுவுக்குப் பதிலே வரவில்லை. 2011இல் ஆவணமில்லாத இந்தியர்களுக்காக 'மைடாஃப்தார்' என்ற பதிவு இயக்கத்தை அரசு நடத்தியபோது அப்பா மறுபடி கூப்பிட்டார். "போதும்யா, யாருக்கு இனிமே" என்று பாட்டி வரமாட்டேன் என்றுவிட்டார்.

ஆனால் தேர்தல் நாளை மட்டும் விடமாட்டார். நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு, எல்லாரோடும் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக்கு நடந்து வருவார். மற்றவர்கள் உள்ளே போவார்கள். அவர் வேலிக்கு வெளியே மழைமரத்தடியில் உட்கார்ந்துகொள்வார்.

2013 மே 5இல் நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு வயது 17. வாக்கில்லாத இரண்டு பேர், ஒரு போத்தல் பார்லித் தண்ணீர்.

"நீ எப்ப போடுவ?"

"இருபத்தொண்ணு ஆவணும் பாட்டி. அதுக்கப்புறம் பதியணும்."

"மறந்துடாத. உங்க தாத்தா மாதிரி ஒருத்தர் போட்டா போதும்னு இருந்துடாத."

2015இல் பாட்டி இறந்தார். கடைசிவரை ஒரு தேர்தலிலும் வாக்களித்ததில்லை.

சித்தப்பாவின் பேருந்து

அதே 2013 தேர்தலன்று சித்தப்பா ஜூரோங்கிலிருந்து இரவெல்லாம் பேருந்தில் வந்து, வாக்கைப் போட்டுவிட்டு, அன்று மாலையே திரும்பிப் போனார். சனிக்கிழமை ராத்திரி ஷிப்ட் முடித்த கண்கள். அவர் வந்ததற்குப் பின்னாலும் ஒரு பதிவுக் கதை இருக்கிறது.

வெளிநாட்டிலிருந்து அஞ்சல் வழி வாக்களிக்கும் உரிமை மலேசியாவில் நெடுங்காலம் ராணுவத்தினர், அரசு ஊழியர், முழுநேர மாணவர், அவர்களுடைய துணைவர் ஆகியோருக்கு மட்டுமே இருந்தது. மற்றவர் விமானம் ஏறி வரவேண்டும். பிரிட்டனில் வாழ்ந்த மலேசியர்கள் ஆறு பேர் 2011இல் இதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். 2012 தொடக்கத்தில் உயர்நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. ஆனால் 2011 ஜூலையிலும் 2012 ஏப்ரலிலும் கோலாலம்பூர்த் தெருக்களில் இறங்கிய பெர்சே பேரணிகளின் கோரிக்கைகளில் அஞ்சல் வாக்குச் சீர்திருத்தமும் ஒன்று. 2013 ஜனவரியில் தேர்தல் ஆணையம் இறங்கி வந்தது. வெளிநாட்டில் வாழும் மலேசியர்கள், முந்தைய ஐந்தாண்டில் மொத்தம் 30 நாளாவது நாட்டில் இருந்திருந்தால், அஞ்சல் வாக்குக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் சிங்கப்பூர், தென் தாய்லாந்து, புருணை, கலிமந்தான் ஆகிய இடங்களில் இருப்பவர்களுக்கு அது கிடையாது.

அதாவது, மெல்பர்னில் இருக்கும் கணக்காளருக்கு அஞ்சல் உறை உண்டு. ஜூரோங்கில் வெல்டிங் வேலை பார்க்கும் சித்தப்பாவுக்குப் பேருந்து. பக்கத்து நாடுதானே, வந்து போகலாமே என்ற எண்ணம். சுங்கைப்பட்டாணி பக்கமில்லை, போக பத்து மணி நேரம், வர பத்து மணி நேரம்.

என் கதை அதைவிட வெட்கக்கேடு. எனக்கு 2017இலேயே 21 வயதாகிவிட்டது. அஞ்சலகத்தில் ஐசியைக் கொடுத்துப் படிவத்தில் கையெழுத்துப் போட்டால் முடிந்தது, பத்து நிமிட வேலை. 'செமஸ்டர் முடியட்டும், பிராஜெக்ட் முடியட்டும்' என்று தள்ளிப்போட்டு 2018 ஜனவரியில்தான் போனேன். மே 9 தேர்தலுக்கு, 2017 டிசம்பர் வரை பதிந்தவர்களின் பட்டியலைத்தான் பயன்படுத்தினார்கள். தாத்தா ஒரு நாள் சம்பளத்தை விட்டுப் போய்ச் செய்ததை நான் பத்து நிமிடம் ஒதுக்கிச் செய்யவில்லை.

அந்தத் தேர்தலில் வேட்புமனு ஏப்ரல் 28, வாக்களிப்பு மே 9. வேட்பாளர் பெயர் முடிவான பிறகே வாக்குச்சீட்டு அச்சாகும். அது கடல்கடந்து போய், கையெழுத்தும் சாட்சியும் வாங்கி, வாக்களிப்பு நாள் மாலை 5 மணிக்குள் திரும்பி வந்துவிட வேண்டும். 11 நாளில் இது எப்படி முடியும்? பலருக்கு உறை கடைசி நேரத்தில்தான் வந்தது. முன்பின் தெரியாதவர்கள் விமான நிலையங்களில் கூடி, ஊருக்குப் போகும் பயணியிடம் உறைகளைக் கட்டாகக் கொடுத்தனுப்பினார்கள். இங்கே வந்திறங்கிய உறைகளைத் தன்னார்வலர்கள் தொகுதி தொகுதியாகக் காரில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ஓட்டுப் போட முடியாமல் அதைத் தொலைபேசியில் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு முதல் தடவையாகப் பாட்டி ஏன் மரத்தடிக்கு வந்து உட்கார்ந்தார் என்று புரிந்த மாதிரி இருந்தது.

கடைசியில் அரசு தேடி வந்தது

2019 ஜூலை 16ஆம் தேதி மக்களவை ஓர் அரசியலமைப்புத் திருத்தத்தை ஏகமனதாக நிறைவேற்றியது. வாக்களிக்கும் வயது 18, வாக்காளர் பதிவு தானியங்கி. நடைமுறைக்கு வர 2021 டிசம்பர் 15 ஆனது. அதற்கும் இளைஞர்கள் நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. 2018இல் 1 கோடியே 49 லட்சமாக இருந்த வாக்காளர் எண்ணிக்கை 2022 பொதுத்தேர்தலில் 2 கோடியே 11 லட்சத்தைத் தாண்டியது. 1948இல் கைரேகை எடுக்க லயம் லயமாக வரத் தெரிந்த அரசு, வாக்குரிமையோடு வந்து சேர இன்னும் 73 ஆண்டுகள் எடுத்துக்கொண்டது.

ஆனால் வெளிநாட்டில் இருப்பவருக்கு இந்தத் தானியங்கிப் பதிவு பாதி வேலையைத்தான் செய்கிறது. ஐசியில் எந்த முகவரியோ அந்தத் தொகுதியில் பெயர் ஏறிவிடும். அஞ்சல் வாக்கு வேண்டுமென்றால் ஒவ்வொரு தேர்தலுக்கும் தனித்தனியாக, குறித்த நாளுக்குள், நாமே விண்ணப்பிக்க வேண்டும். 2022க்குள் சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கான விலக்கும் நீங்கியிருந்தது. அங்கே இன்னமும் நாம்தான் தேடிப் போகிறோம்.

அந்த நவம்பரில் நான் அஞ்சல் உறை கேட்கவில்லை, சித்தப்பாவைப் போலப் பேருந்து ஏறினேன். லயம் இருந்த இடத்தில் வரிசை வீடுகள். பள்ளி மட்டும் அப்படியே இருந்தது, மழைமரமும் இருந்தது. வயதானவர்கள் முதல் சாலுரானில், என்னைப் போன்றவர்கள் கடைசிச் சாலுரானில். வரிசையில் முன்னாலும் பின்னாலும் இருந்தவர்களில் ஒருவரையும் எனக்குத் தெரியவில்லை. அவர்கள் அந்தப் புதிய வீடுகளில் வசிப்பவர்கள். பட்டியலில் என் பெயரும் அவர்கள் பெயரும் ஒரே மாதிரிதான் இருந்தன. அவர்களின் சாலைக்கும் சாக்கடைக்கும் பொறுப்பான உறுப்பினரை, அங்கே வசிக்காத நான் தேர்ந்தெடுத்துவிட்டு வந்தேன். விரலில் மை காயும்வரை அது எனக்கு உறுத்தவில்லை. திரும்பும் பேருந்தில் உறுத்தியது.

1958இல் தாத்தாவிடம் கேட்டது இரண்டே கேள்வி: எவ்வளவு காலம் வசித்தாய், இங்கேயே நிரந்தரமாக வசிப்பாயா? முதல் கேள்விக்கு அவரிடம் செக்ரோல் இருந்தது. இரண்டாவதற்கு அவருடைய வாய்ச்சொல் இருந்தது, அதைக் காப்பாற்றினார். என்னிடம் இந்த இரண்டு கேள்வியையும் யாரும் கேட்கவில்லை. கேட்காமலே கொடுத்துவிட்டார்கள். அது நல்லதுதான். பாட்டி மாதிரி இன்னொருவர் வேலிக்கு வெளியே உட்காரக் கூடாது என்றால் அப்படித்தான் கொடுக்க வேண்டும். ஆனால் கேள்வியே இல்லாமல் போய்விடவில்லை, கேட்கிற ஆள் மட்டும் மாறியிருக்கிறார். இப்போது அதை நான்தான் என்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வருகிற தீபாவளிக்குப் போகும்போது பதிவு இலாகாவில் முகவரியை மாற்றலாம் என்று இருக்கிறேன். அப்பா அம்மாவின் தாமான் முகவரிக்கு. அங்கே நான் ஒரு மாதம் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை, ஆனால் திரும்பிப் போனால் போவது அங்கேதான். அந்தச் சாக்கடை அடைத்தால் நாறப்போவது எங்கள் வாசல். மாற்றினால் பழைய பள்ளியில் வாக்களிக்கும் உரிமை போய்விடும். அம்மாவிடம் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"மாத்திக்க. அந்த மரத்தடியில இனிமே யாரு உக்காந்திருக்கா, நீ போயி பாக்கறதுக்கு?"